பதினேழாவது சுற்று

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஐஸ்பெட்டி வந்தபோது
இரவு மணி பதினொன்று.
பந்தியில் உண்டவர் நானூறு,
படுத்தவர் எழுபத்தொன்று,
டப்பியில் கொடுத்தவர் இருபத்திரண்டு.
மிச்சத்தை வெட்கம் வைத்துக்கொண்டது.

சீட்டில் பாதிப் பெயர் மலையாளம், பாதி தமிழ்.
மூன்று பேர் செக்போஸ்ட்டுக்கு அந்தப்பக்கம்.
அவர்களை எந்தக் கணக்கில் எழுதுவது என்று
ரம்லத் இன்னும் போனில் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.
எனக்கு எல்லாரும் தட்டில் ஒரு குழி.

மூக்கு பழகிவிடும் என்பார்கள். பொய்.
கைதான் பழகும்.
மிளகளவு எடு, உப்புநீரில் கலக்கு, சுழற்று,
வண்டலை விட்டுத் தெளிவை எடு.

முதலில் ரோட்டா பட்டை.
ஒற்றைக் கோடு. இல்லை என்று அர்த்தம்.
கல்யாணமாகி நான்கு வருஷம்,
ஒற்றைக் கோடு எனக்குப் படிக்கத் தெரியும்.

அடுத்தது நோரோ.
கண்ணுக்குச் சிக்காததைப் பிடிக்க
அதன் நகலைப் பெருக்க வேண்டும்.
சூடு, குளிர், சூடு, நாற்பது சுற்று.
கிருமி எவ்வளவு அதிகமோ
அவ்வளவு சீக்கிரம் திரையில் கோடு எழும்பும்.

முதல் தட்டைக் குப்பையில் போட்டேன்.
வெறும் தண்ணீர் வைத்த குழியிலும்
முப்பத்தாறாம் சுற்றில் ஒன்று தலைதூக்கியது.
தண்ணீருக்கு வயிறு போகாது.
என் கையுறையாகத்தான் இருக்கும்.
மறுபடி மிளகளவு, மறுபடி உப்புநீர்.

நாலரை மணிக்குத் தண்ணீர்க்குழி அடங்கிக் கிடந்தது.
மற்றவை இருபத்துநான்கில், இருபத்தேழில், முப்பதில்.
ஏழாம் குழி மட்டும்
பதினேழிலேயே நட்டுக்கொண்டு நின்றது.

சீட்டைப் புரட்டினேன்.
சென்னியப்பன், ஐம்பத்திரண்டு, சமையல்.
உபாதை: ஒன்றுமில்லை.
சாம்பார் கொதித்தது, ரசம் கொதித்தது,
வெள்ளரிக்காய்ப் பச்சடி கொதிக்கவில்லை.

அவர் கொடுத்தாரா,
அவரும் எங்கோ வாங்கிக்கொண்டாரா,
இயந்திரத்துக்குத் தெரியாது.
கோடு கோடுதான், குற்றப்பத்திரிகை இல்லை.
இதை எனக்கே இரண்டு தரம் சொல்லிக்கொண்டேன்.

அறிக்கை மேலே போய்
கையெழுத்தாகி இறங்கப் பத்து மணி ஆகும்.
காலண்டரில் இன்றைக்கும் முகூர்த்தம்.

சீட்டிலிருந்த நம்பரைப் போட்டேன்.
இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.
பின்னால் தேங்காய் துருவும் சத்தம்,
யாரோ உப்பு கேட்கிறார்கள்.
“யாருங்க?”

மருத்துவமாகச் சொல்ல
நாலு வாக்கியம் எழுதி வைத்திருந்தேன்.
வாயில் வந்தது,
“அண்ணா, அந்தக் கத்தியைக் கொஞ்சம் கீழே வைங்க.”