நிமிஷத்துக்கு நூற்றி எழுபத்தாறு

காலை ஐந்தேகாலுக்கு
வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களின் வீடுகள்
என் வேலை.
முதலியார்பேட்டையில் ஒரு சர்க்கரை,
முருங்கப்பாக்கத்தில் ஒரு தைராய்டு,
தவளக்குப்பம் தாண்டி, வாரம் விட்டு வாரம்,
ஊசிக்கு நரம்பு அகப்படாத ஒரு ரிட்டயர்டு தாசில்தார்.

மரப்பாலத்தில் நான் வலப்பக்கம் திரும்பியது
பின்னால் வந்த டாட்டா ஏசுக்குத் தெரியவில்லை.
பழைய பல்பு
நீர்த்த டீ நிறத்தில்
எரிவதும் அணைவதுமாக இருந்திருக்கிறது.
ஐஸ் பெட்டி தப்பித்தது, கண்ணாடி போனது.
"சிக்னல் போட்டியாம்மா?"
சண்டைக்கு இல்லை,
உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நெல்லித்தோப்பில்
நாலு எல்இடி வாங்கினேன், முந்நூற்று அறுபது ரூபாய்.
வாடகை வீட்டின் படிக்கட்டடியில் உட்கார்ந்து
பச்சைக்குப் பச்சை, கறுப்புக்குக் கறுப்பு
நானே மாட்டினேன்.
சுவிட்சைத் தள்ளியதும்
வண்டிக்குப் படபடப்பு.

வாட்சைப் பார்த்துப் பதினைந்து நொடி எண்ணி
நாலால் பெருக்கினேன், கைப்பழக்கம்.
நூற்றி எழுபத்தாறு.
ஆளாக இருந்தால்
முதலில் படுக்க வைத்திருப்பேன்.

"அது பயந்துடுச்சுக்கா" என்றான் அந்துவான்,
பேட்டரிக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கியபடி.
பழைய ஃப்ளாஷருக்குப் பாரம் வேண்டுமாம்.
பத்து வாட் பல்பு இரண்டை இழுத்தால்தான்
அதற்கு நிதானம்.
இப்போது இழுவை குறைந்துவிட்டது,
ஒரு விளக்கு செத்துவிட்டது என்று முடிவுகட்டி
அலறுகிறது.

சாகவில்லை.
இரண்டும் முன்னைவிடத் தெளிவாக எரிகின்றன,
கொஞ்சமாகச் சாப்பிடுகின்றன, அவ்வளவுதான்.
ஒருவேளை பசியில்லை என்று சொன்னதற்கே
ஆம்புலன்சைக் கூப்பிட்ட வீடுகள்
எனக்குத் தெரியும்.

தங்க நிறத் தகடு போர்த்திய ரெசிஸ்டரை
பக்கத்துக்கு ஒன்றாக வைத்தான்.
வெளிச்சம் தராது, எதையும் சுழற்றாது,
பத்து வாட் பல்பு இன்னும் இருக்கிறதென்று
ஃப்ளாஷரிடம் பொய் சொல்லும், அதுதான் அதன் உத்தியோகம்.
எண்ணிக்கை இறங்கியது.
எங்கே இருக்கிறது என்று தொட்டுப் பார்த்தேன்.
மோதிர விரலில் கொப்புளம்.

பொய்க்கு இவ்வளவு சூடா, கழற்று என்றேன்.
நாளைக்கு இந்த விரலில்தான் கிளவுஸ் ஏற வேண்டும்.

பிறகு வந்தது எலக்ட்ரானிக் ஃப்ளாஷர்,
இரண்டு கால், நூற்றி இருபது ரூபாய்.
யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று
அது கேட்பதில்லை.
பதினைந்து நொடிக்கு இருபத்தொன்று.
எண்பத்து நாலு.
ரிப்போர்ட்டில் கோடு போட வேண்டாம்.

ஆனால்
இடது போட்டால் நாலும் மின்னியது.
வலது போட்டாலும் நாலும்.
மாத்திரை சாப்பிட்டீர்களா, சாப்பிடவில்லையா,
இரண்டுக்கும் தலையாட்டும் தாசில்தாரைப் போல.

அந்துவான் சிரிக்கவில்லை, மீட்டரைப் பிரித்தான்.
உள்ளே ஒரே ஒரு குட்டி விளக்கு,
ஒரு கால் இடது கம்பியில், ஒரு கால் வலதில்.
அதன் வழியே மின்சாரம் அந்தப் பக்கம் கசிகிறது.
பழைய பல்புகள் அதை மதித்ததே இல்லை,
புதியவற்றுக்கு அதுவே விருந்து.

குட்டி விளக்கின் ஒரு காலை பாடியில் கட்டி
மறு காலுக்குப் பக்கத்துக்கு ஒரு டயோடு வைத்தான்,
அரிசியைவிடச் சற்றே பெரியது, முனையில் வெள்ளிக் கோடு.
"மிஷன் வீதி மாதிரிக்கா.
போகலாம், எதிர்ல வர முடியாது."
அங்கே எதிர்த்துப் போய்ப் பிடிபட்டவள் நான்,
உடனே புரிந்தது.

இடது என்றால் இடது.
அவனுக்கு இருநூறு,
வாங்க மாட்டேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டான்.

திங்கட்கிழமை.
புது ஃப்ளாஷருக்கு டிக் டிக் சத்தம் கிடையாது
என்பதை யாரும் சொல்லவில்லை.
மரப்பாலத்தில் போட்ட சிக்னல்
முருங்கப்பாக்கம் முழுக்க என்னோடு வந்திருக்கிறது,
அரியாங்குப்பம் பாலம் வரை,
திரும்பாத திருப்பத்தைச் சொல்லிக்கொண்டே.

எதிரே
மீன் கூடை கட்டிய டிவிஎஸ்,
ஹெட்லைட் இல்லை, இண்டிகேட்டர் இருந்த இடத்தில்
இரண்டு கம்பி மட்டும்.
ஓட்டியவர் ஒரு கையைத் தூக்கி
விரல்களை விரித்தார், மடக்கினார்,
விரித்தார், மடக்கினார்.

அணைத்தேன்.
எண்பதுக்குப் பக்கத்தில் இருக்கும்
அவர் கை.