மெழுகு குடித்த தாள்

சத்வாவில் எங்கள் சலவைக் கடைக்கு ஜன்னல் இல்லை.
ஆவி மட்டும் வெளியே போகும்.

ஆட்களை எனக்கு அவ்வளவாகத் தெரியாது, துணி தெரியும்.
நூற்றுப் பன்னிரண்டாம் சீட்டின் கழுத்துப்பட்டியில் ஊதுப் புகை.
அறுபத்தேழு ஒரு பட்டு, முந்தானையில் குங்குமம்,
பக்கத்தில் பஞ்சாமிர்தம் ஒரு சொட்டு, எறும்போடு.
வாரம் தவறாமல் வரும் நீலத் தலைப்பாகையை
ஒரு முனை குல்ஜமீன், மறுமுனை நான்
பிடித்து நீவ வேண்டும்.
கடையை விட நீளம் அது.
கதவைத் திறந்து வைத்து
நான் நடைபாதையில் நிற்பேன்.

நோன்பு இருபத்திரண்டு அன்று
கோவாக்காரர் மிங்கேல் பீடத்துணியை மேசையில் விரித்தார்.
பாஸ்காத் திரி சாய்ந்துவிட்டதாம்.
பூவேலையின் நடுவே உள்ளங்கை அகலத்தில்
தேன் நிறமாய் ஒரு தீவு.

மெழுகுக்கு ஒரே வைத்தியம்:
மேலே தாள், கீழே தாள், அதன்மேல் சூடு.
தாள் குடித்துக்கொள்ளும்.

அரபுப் பேப்பரை எடுத்தேன்.
“அதில் அவன் பேர் இருக்கும்” என்று
வறண்ட வாயால் சொல்லித் தள்ளி வைத்தான் குல்ஜமீன்.
மலையாளப் பேப்பரில், மூன்றாம் பக்கம்,
ஆனைமேல் ஒரு சாமி. நானே மடித்தேன்.
புரட்டினால் நினைவஞ்சலி,
இறந்தவர்கள் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் சின்னச் சிலுவை.
என்னிடம் இருந்த பழைய தமிழ்த் தாளில்
சனிப்பெயர்ச்சிப் பலன்.
சனிக்குச் சூடு வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.
சூப்பர் மார்க்கெட் விளம்பரம் வரை போனோம்.
கோழி கிலோ பதினொன்று;
அதற்கு மேலே பொன்னெழுத்தில் ரமலான் வாழ்த்து.

கடைசியில்
புதுச் சட்டைக்குள் வைத்து வரும் வெள்ளைத் தாள் அகப்பட்டது,
எந்தச் சாமிக்கும் இன்னும் விசா அடிக்காத தாள்.

பெட்டியை வைத்தான்.
தீவு கரையத் தொடங்கியது.
“தேன்” என்றான், கண்ணை மூடி.
மூக்கு வழியாகப் போனால் நோன்பு முறியுமா என்றேன்.
முறைத்தான். அப்புறம்
தோள் குலுங்கச் சிரித்தான்.

மூன்று மணிக்கு
கம்பளிக் குவியலுக்குப் பின்னால் போய்த் தண்ணீர் குடித்தேன்.
அந்நேரம் பார்த்து
அவன் பெட்டியை ஓங்கி ஓங்கி வைத்தான்,
விழுங்கும் சத்தம் கேட்காதபடி.
எனக்காகவா, தனக்காகவா,
கேட்டுக்கொள்ளவில்லை.

மிங்கேல் வந்து
துணியை விளக்குக்கு நேரே பிடித்து
நூல் நூலாகத் தேடினார்.
ஒன்றும் கிடைக்காத வருத்தத்தில்
இரண்டு திர்ஹம் குறைக்கச் சொன்னார்.

பெருநாளுக்கு முந்தின இரவு
கந்தூரா நூற்று நாற்பது.
ஒரு மணிக்கெல்லாம் கஞ்சி அடியில் பிடித்து
பெட்டி நகர மறுத்தது.
குல்ஜமீன் குனிந்து
மேசைக்கு அடியில் செருகியிருந்த அந்தத் தாளை எடுத்தான்.
சூட்டோடு இரண்டு இழுப்பு.
கடை முழுவதும் தேன் வாசம்.
பிறகு வழுக்கிக்கொண்டு போயிற்று பெட்டி,
தோளில், கையில், கால் விளிம்பில்,
வெள்ளை மேல் வெள்ளையாய் அடுக்கிக்கொண்டே.

விடியும் வரை நாங்கள் பேசவில்லை.
பாங்கு கேட்டது.
நாலு நாளில் சித்திரை ஒன்று.
நானும் என் வேட்டியை எடுத்து நீட்டினேன்.
தாளில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.
அதைப் பெட்டியின் அடியில் தேய்த்தபடி,
என்னைப் பார்க்காமலே,

“சீட்டு எங்கே?” என்றான்.