சாட்சியம், பக்கம் பதினொன்று

அவள் சொன்னது கோளி.
நான் அடித்தது கோழி.
தேன்கனிக்கோட்டை நீதிமன்றத்தில் அன்றைக்கு
என் விரல் செய்த முதல் திருத்தம்.
யாரும் ஆட்சேபிக்கவில்லை.

ழகரம் நாக்கில் நிற்காத பக்கம் இது.
கன்னடத்திலும் கோளிதான் என்பதால்
எந்த மொழியில் சொன்னாள் என்று
கெம்பம்மாவுக்கே தெரியாது.
தெலுங்கில் அது கோடி.
போன வருஷத் திருட்டு வழக்கில்
பில்லப்பா "ஒக்க கோடி போயிந்தி" என்று அழ
"எனக்கு ஒரு கோடி போயிற்று" என்று பதிந்துவிட்டேன்.
மூன்று மாதம் கட்டுக்குள் அவர்
கோடீஸ்வரராக இருந்தார்.

இந்த வழக்கில் கோழி தொலையவில்லை.
கிராம சபையில்
தண்ணீர்த் தொட்டிக் கணக்கைக் கேட்ட
வார்டு உறுப்பினர் கெம்பம்மாவைப் பார்த்து
எதிரி வெங்கடகிரியப்பா கேட்டது ஒரே கேள்வி:
"பெட்டைக்கோழி கூவியா பொழுது விடியும்?"
சபை சிரித்தது.
மைக் இருந்ததால் சந்தைவரை சிரித்தது.

"சொலவடைதான் ஐயா, அவதூறு இல்லை.
கோழி ஒரு பறவை" என்றார் எதிரியின் வக்கீல்.
நீதிபதி தெற்கத்திக்காரர், அகராதி கேட்டார்.
பதிவறை அகராதியில் ககர வரிசையைக்
கரையான் தின்று முடித்திருந்தது.

என்னைக் கேட்டிருக்கலாம்.
ஒன்பதாவது கணக்குப் பரீட்சையில் நான் வாங்கியது
கோழிமுட்டை.
என் கையெழுத்து கோழிக்கிறுக்கல்,
அதனால்தான் தட்டச்சுக்குப் போனேன்.
நடுவில் நெடுஞ்சாலை ஓரத்து விடுதிப் பள்ளியில் இரண்டு வருஷம்
ஊரார் எங்களைப் பிராய்லர் என்றார்கள்.
தப்பில்லை. ஷெட்டிலும் ராத்திரி விளக்கை அணைக்க மாட்டார்கள்,
வெளிச்சம் இருந்தால் அது தின்னும்,
நாங்கள் படித்தோம்.
எடை போட்டு ஏற்றும் நாளும் இருந்தது.

டவாலி சிவலிங்கப்பா வாசலில் போடுவது கோழித்தூக்கம்.
அவரை அஞ்செட்டிக்கு மாற்றியபோது
யாரைக் கேட்டு மாற்றினார்கள் என்றேன்.
"கோழியக் கேட்டாம்மா மசாலா அரைப்பாங்க?"
என்று சொல்லிவிட்டு மறுபடி கண் மூடினார்.
மாமனார் வீட்டில், பிரசவ விடுப்பு முடியும் முன்
நான் வேலைக்குத் திரும்பிய வாரம்
யாரோ சொன்னார்கள், அடையைக் கலைத்த கோழி என்று.
அந்த அர்த்தத்தை எந்தக் கரையானும் தின்னவில்லை.

கூண்டில் கெம்பம்மா.
ராகி அறுத்த கை, கம்பியைப் பிடித்திருந்தது.
"கோழின்னு சொன்னதுல கோவமா?" குறுக்கு விசாரணை.
"இல்ல."
"பெட்டைன்னு சொன்னதுலயா?"
"நான் பெட்டைதானே."
"அப்புறம்?"

அவள் வக்கீலை விட்டு
நீதிபதியைப் பார்த்துச் சொன்னாள்:
"எங்க ஊட்ல ஒரு பெட்ட நெசமாவே கூவுச்சுங்க சாமி.
சேவல வித்த வருசம்.
அடைக்கும் ஒக்காராம, கொண்டையும் வளந்து,
ஒரு விடிகாலைல கூரமேல ஏறி கூவுச்சு.
ஆகாதுன்னு அன்னிக்கே அறுத்துட்டாங்க.
நானுந்தான் கொழம்பு தின்னேன்.
மறுநாளு ஆரும் கூவல.
வெடிஞ்சுது.
தொட்டிக் கணக்கு மட்டும் இன்னும் வரலீங்க."

மின்விசிறி சுற்றும் சத்தம்.
"தொடர்பற்றது, நீக்க வேண்டும்" என்றார் வக்கீல்.
நீதிபதி என்னைப் பார்த்தார்.
நான் அதற்குள் அடித்து முடித்திருந்தேன்,
அவள் சொன்னபடியே,
கொழம்பு, வெடிஞ்சுது, வரலீங்க,
ஒரு எழுத்தும் திருத்தாமல்.

வாய்தா பதினாலாம் தேதிக்கு.
படியிறங்கும்போது வக்கீல் போனில்
சாப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்:
"நாட்டுக்கோழி இருக்கா?
பெட்டையா இருந்தா போடு, சேவல் வேகாது."