அரையுறை

பெனின்சுலா இரண்டாம் மாடியில்
மிஸ்டர் கோ கேமராவை நீட்டியபோது
அதன் இடுப்புக்குக் கீழே தோல் கட்டியிருந்தது.
மேலே வெற்றுடம்பு,
அர்ச்சனைக்குப் புறப்பட்ட ஆள்போல.
"உறை இலவசம்.
போடு லா, போடாதே லா, உன் இஷ்டம்.
முன்னால் வைத்திருந்தவர் கழற்றியதே இல்லை."

வீட்டில் குணாளனுக்குச் சந்தேகமே கிடையாது.
பாஸ்போர்ட்டுக்கு உறை, உறைக்குப் பை,
பைக்கு ஜிப், ஜிப்புக்குப் பூட்டு.
சோபா வந்த அன்று சுற்றியிருந்த பாலித்தீனைத்
தீபாவளிக்குக் கழற்றலாம் என்றவர்.
மூன்று தீபாவளி போய்விட்டது.
உட்கார்ந்தால் முனகுகிற அந்தச் சோபாவில்
உட்கார்ந்துதான் இதைச் சொல்கிறேன்.

"ஆள் பாதி, ஆடை பாதி" என்றார்.
அது ஆளுக்கு.
கை நழுவுகிற பொருள்
உறை இருக்கும் பக்கம் பார்த்தா விழும்?

துவாஸில் எனக்கு வேலை.
கப்பல்களின் பூச்சைச் சோதிப்பவள்.
சூடு போகாமல் இருக்கக் குழாய்களுக்குப்
பஞ்சு சுற்றித் தகரம் போர்த்தியிருப்பார்கள்.
வெளியே மாப்பிள்ளை மினுக்கு.
வெட்டு என்பேன். ஃபாஸ்லி வெட்டுவான்.
உள்ளே குழாய்
அப்பளமாய் உதிரும்.
வெயிலில் நிற்கிற துரு யோக்கியமானது,
காலையில் போனதும் கண்ணெதிரே நிற்கும்.
போர்வைக்குள் படுத்திருக்கும் துருவுக்குத்தான்
எனக்குச் சம்பளம்.

எனவே முதல் இரவே கழற்றினேன்.
ஒரே திருகாணி.
பத்து காசு நாணயம் போதுமாக இருந்தது.

மேலே, கறுப்பு தேய்ந்து
பித்தளை எட்டிப்பார்க்கும் விளிம்புகள்.
யாருடைய ஆள்காட்டி விரலோ
வருஷக்கணக்காய்க் காத்திருந்த இடத்தில்
சின்னதாய் ஒரு வழுக்கை.
கீழே, நேற்றுத்தான் பெட்டியைப் பிரித்ததுபோல்
கன்னங்கரேல்.
சேஃப்டி ஷூவைக் கழற்றினால்
என் காலும் இப்படித்தான்:
கணுக்கால்வரை ஒருத்தி,
அதற்குமேல் வேறொருத்தி.

உறையின் பித்தளைக் குமிழ் அழுத்திய இடத்தில்
மிளகளவு பச்சைக் களிம்பு.
பார்த்தீர்களா என்று
குணாளனை எழுப்பப் போனேன்.
பாதி வழியில் நின்றுவிட்டேன்.
ஒரு மிளகைக் காட்டினால்
மீதி அடிப்பாகம் முழுவதும் புத்தம்புதிதாய் இருப்பதை
அவரும் பார்த்துவிடுவாரே.

உறைக்குள் நான்காய் மடித்த தாள்.
ஃபோர்-டி சீட்டு.
எண்களெல்லாம் வெளுத்துப்போய்
எந்த அதிர்ஷ்டமும் படிக்கக் கிடைக்கவில்லை.
கழற்றியதே இல்லை என்றாரே கோ!
ஒருமுறையாவது கழற்றியிருக்கிறார்,
இதை வைப்பதற்கு.

ஒரு மாதம் உறையில்லாமல் திரிந்தேன்.
கனம் குறைந்தது,
பேட்டரி மாற்ற நாணயம் தேட வேண்டாம்.
தோலில்லாத உடம்போ வழுவழுவென்றிருந்தது,
இந்த ஊர்க் காற்றில் கை எப்போது காய்ந்திருக்கிறது?
பூன் லே மேம்பாலத்தில் மழை பிடித்த சாயங்காலம்,
குடைக்கும் வாருக்கும் நடுவில்
கைப்பிடிக் கம்பியில் ஒரு ணங்.

விளக்கடியில் நின்று பார்த்தேன்.
இடது கீழ் மூலை. நான்கு மில்லிமீட்டர்.
உலோகம் வரை.
வாய் தானாக அறிக்கை வாசித்தது.
அழுகை வரும் என்று நினைத்தேன்,
வரவில்லை.
அதற்குமுன் அது
கோவிடம் வாங்கிய கேமரா.

இப்போது மறுபடி உறை போட்டிருக்கிறேன்.
தான் ஜெயித்ததாகக் குணாளன்
மூன்று பேரிடம் சொல்லிவிட்டார். சொல்லட்டும்.
சனிக்கிழமை இரவு நாணயத்தை எடுத்துத் திருகுவேன்.
மிளகு மிளகாகவே இருக்கிறதா,
என் மூலை எவ்வளவு மங்கியிருக்கிறது
என்று பார்ப்பேன்.
பிறகு சீட்டை அதே மடிப்பில் வைத்து மூடுவேன்.

சோபாவின் முதுகுப் பக்கம், சுவரோரம்,
அவர் குனிந்து பார்க்காத இடத்தில்
பாலித்தீனை ஒரு விரல் நுழையும் அளவு
கிழித்து வைத்திருக்கிறேன்.
எங்கள் தொழிலில் அதற்குச்
சோதனைத் துளை என்று பெயர்.