ஒரு சாண் ஓட்டை

ஒரு சாண் அகல ஓட்டை.
அதற்கு மூன்று கடிதம் எழுதினோம்.
முதலாவது போன வழி தெரியவில்லை.
இரண்டாவதற்குப் பதில் வந்தது:
கூரைத் தகரம் தோட்டத்துச் சொத்து.
மூன்றாவதில் என் மகள் நிதர்சினி
தானாகவே ஒரு வரி சேர்த்திருந்தாள்:
"அப்படியானால் புகை யாருடைய சொத்து?"
அதை நான் கொடுக்கவில்லை.
அரிசி டின்னுக்கு அடியில் கிடக்கிறது.

எட்டாம் நம்பர் லயம், நான்காவது காம்பரா.
ஜன்னல் என்று ஒன்று உண்டு,
குளிருக்குப் பயந்து
நான் வாழ வருமுன்பே ஆணி அடித்துவிட்டார்கள்.
நாலரைக்கு மிலாறு பற்றவைத்தால்
கவ்வாத்து மலையின் ஈரம்
முதலில் என் நெஞ்சில் காயும்,
பிறகுதான் அடுப்பில் எரியும்.
ரொட்டி வேகும். கண்ணும் வேகும்.
டிக்கோயா ஆஸ்பத்திரியில்
ஆவி பிடிக்கிற அந்த மூடியை
நேர்ஸ் வருமுன்னே
நிதர்சினி தானே மாட்டிக்கொள்வாள்.

ஃபெக்டரியில் உலை பார்க்கிற மரியசூசை சொன்னான்:
"தேயிலை காய்கிற உலைக்கு நாற்பதடிப் புகைபோக்கி.
தூளில் புகை வாடை ஏறினால்
கொழும்பில் விலை போகாதாம்."
சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தேன்.

புற்றுமண், ஆற்று மணல், கொஞ்சம் உமி.
மிதித்துப் பிசைந்தது நானும் அன்னக்கொடியும்.
ஒரு வாயில் விறகு, இரண்டு வாயில் பானை,
உள்ளுக்குள் நெருப்பு நடக்க ஒரு குறுக்குப் பாதை.
பதினாலு நாள் காயவிட்டோம்.

வெசாக் போயா அன்று ஆபீஸ் பூட்டு.
டவுனெல்லாம் கூடு கட்டிக்கொண்டிருக்க
மரியசூசை எங்கள் கூரையில் ஏறினான்.
அன்னக்கொடி ரேடியோவைக் கூட்டி வைத்தாள்.
தகரம் அதையும் மீறிக் கத்தியது.
பிறகு
வானம் ஒரு தட்டளவு
உள்ளே விழுந்தது.

முதல் நாள் புகை
பழக்க தோஷத்தில் வாசலைத் தேடியது,
கொஞ்சம் தயங்கியது, மேலே போனது.
ஈரச் சாக்கால் சுவரைத் தேய்த்தேன்.
நீலம்.
பன்னிரண்டு வருஷம்
கறுப்புச் சுவர் என்றே நினைத்திருந்தேன்.

எல்லாம் நல்லதென்று சொல்ல மாட்டேன்.
புகை போனதும் கரப்பான் வந்தது.
அடுப்புக்கு மேலே தொங்கிய கருவாடு
பூஞ்சணம் பூத்தது.
மூன்று நாள் வந்த விறகுக்கட்டு
ஐந்து நாள் வருகிறது, சரி.
இருமல் நிற்கவில்லை,
ராத்திரிக்கு இரண்டு தடவை என்று ஆகியிருக்கிறது.
எண்ணிக்கொண்டுதான் படுக்கிறேன்.

இன்னொன்று.
கொழும்புக் கடையில் நிற்கிற அவர்
போன் எடுக்காத நாட்களில்
"என்னம்மா கண்ணில்?" என்பாள் நிதர்சினி.
"புகைடீ" என்பேன்.
இனி அது எடுபடாது.
வேறு பொய் ஒன்று யோசிக்க வேண்டும்.

மழை இறங்கியது.
குழாய் வழியாக வந்த துளி
நெருப்பில் விழுந்து சீறியது.
குழாய்க்கு ஒரு தொப்பி வேண்டுமென்றான் மரியசூசை.
கிளாக்கர் வீட்டுக் குப்பையில்
பெரிய பால்மா டின் ஒன்று கிடைத்தது,
பசுமாட்டுப் படம் போட்டது.
பாதியாக வெட்டிக் கவிழ்த்தோம்.

ஆடி முடிவதற்குள் எங்கள் லயத்தில் ஒன்பது ஓட்டை.
அன்னக்கொடியினுடையது கொஞ்சம் கோணல்.
நேற்றுப் பெரட்டு கலைந்த பிறகு
கிளாக்கர் ரோட்டில் குடை பிடித்து நின்று
ஒவ்வொன்றாக எண்ணிக் கொப்பியில் எழுதினார்.
என் கூரைக்கு வந்ததும் பேனா நின்றது.
மாட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார்.
மாடும்,
பாதி முகம் கரியாக,
அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.