கொட்டாவி

தேவகோட்டை சாலையில் லாரி தள்ளிவிட்டுப் போன நாய்.
சீட்டுக் கம்பெனி வாசலில் கிடந்தது,
விலாவில் ஒட்டிய கசங்கிய ரசீது ஒன்றோடு.
அதனால் பெயர் ரசீது.
வேறு காரணமில்லை.

கண்டனூரில் நான் குடியிருப்பது
பெரிய வீடொன்றின் இரண்டாம் கட்டு.
முதல் கட்டின் சாவி சிங்கப்பூரில்.
ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, முகம் பார்க்கலாம்.
ரசீது பார்த்தது.
தனக்குக் கீழே தலைகீழாய் இன்னொரு நாய்,
நகம் வைத்தால் வழுக்கும் உலகம்.
நிலைப்படியிலேயே நின்றுவிட்டது.

வார் போட்டு இழுத்தேன்.
இருபத்தொரு வருஷமாய்க் கணக்கு டீச்சர் நான்,
இழுத்தால் வரும் என்றுதான் தெரியும்.
நான்கு காலும் நான்கு ஆணி.
உள்ளே வா என்றேன். பிறகு கத்தினேன்.
அது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு
நிதானமாக ஒரு கொட்டாவி விட்டது.

கொழுப்பு, என்றேன்.

ஊசி போட வந்த கால்நடை டாக்டர் பர்வீன் சிரிக்கவில்லை.
"பயம் டீச்சர்.
சண்டை வேண்டாம், கொஞ்சம் தள்ளி நில்லுங்கன்னு சொல்லுது.
சும்மா உதட்டை நக்குதே, அதுவும் அதேதான்.
தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாதீங்க.
பக்கவாட்டில் உட்கார்ந்து கழுத்தோரம் தடவுங்க,
மூணு எண்ணிட்டுக் கையை எடுத்துடுங்க.
வேணும்னா அதுவே கேட்கும்."

மூன்று எண்ண எனக்கா தெரியாது.

ஒன்று. இரண்டு. மூன்று.
கையை எடுத்தேன்.
ரசீது தெருவைப் பார்த்தது.
அன்று கேட்கவில்லை. மறுநாளும்.

அரிசிச் சாக்குகளை வரிசையாய் விரித்துப் பாதை போட்டேன்.
ஜியோமெட்ரி பாக்ஸில் காம்பஸ் இருந்த இடத்தில்
வேகவைத்த கோழி ஈரல், சுண்டுவிரல் நகமளவு.
கையில் சிவப்புப் பால்பாயிண்ட் பேனா,
தப்புகளைச் சுழிக்க வைத்திருந்தது.
முதல் சாக்கில் ஒரு பாதம் பட்டதும்
டிக் என்று அழுத்தி, ஈரலை நீட்டினேன்.
டிக் என்றால் சரி.
சிவப்புப் பேனா வாய்திறந்து சரி என்று சொன்னது
அதுதான் முதல் தடவை.

எட்டாம் நாள் பால்காரர் பைக் வெடித்துக் கிளம்பியதில்
நாலு சாக்கு தூரமும் பூஜ்யமானது.
இன்னொரு நாள் விளக்குமாற்றைச் சும்மாதான் நகர்த்தினேன்,
பயந்து நின்ற இடத்தை நனைத்தது.
துடைத்தேன். திட்டவில்லை.
திட்டாமல் இருந்தது அதற்குத் தெரிந்ததா,
தெரியாது.

புதன்கிழமை, மூன்றாம் பீரியட், இயற்கணிதம்.
எட்டு பி, ஜன்னல் பெஞ்சு ஆண்டியப்பனை
போர்டுக்கு வா என்றேன்.
எழுந்தான். உதட்டை நக்கினான்.
முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு
கொட்டாவி விட்டான்.

இதே கொட்டாவிக்கு ஜூன் மாதம்
அவனை வெயிலில் நிறுத்தியிருக்கிறேன்,
வேம்பின் நிழல் எட்டாத செம்மண்ணில்.
அவனுக்கு முன்னால், வேறு வருஷங்களில், வேறு பையன்கள்.
எத்தனை பேர் என்ற எண்ணிக்கை
கணக்கு டீச்சரிடம் இல்லை.

வகுப்பு வேடிக்கை பார்க்கத் தயாரானது.
நான் போய் அவன் பெஞ்சின் ஓரத்தில்
பக்கவாட்டில் உட்கார்ந்தேன்.
இங்கேயே சொல்லு. தப்பா வந்தாலும் சரி.
அவனை விட்டு ஜன்னலைப் பார்த்தேன்.
மனதுக்குள் எண்ணியது மூன்றைத் தாண்டி
முப்பதோ நாற்பதோ.
"எக்ஸை அந்தப் பக்கம்..." என்றான்,
நிறுத்திக்கொண்டான்.
விரல் பேனாவின் தலையில் இருந்தது.
அழுத்தவில்லை, பையன் நாயில்லை.
ம், என்றேன்.
"...கொண்டுபோனா மைனஸ்."

சாயங்காலம் ரசீது ஐந்தாம் சாக்கில் படுத்திருந்தது,
வால் மட்டும் நான்காவதில்.
இன்னும் இரண்டு சாக்கு பாக்கி.
தரையில் உட்கார்ந்து விடைத்தாள் கட்டைப் பிரித்தேன்.
ஆண்டியப்பனுடையது மேலாக இருந்தது.

எனக்கும் ஒரு கொட்டாவி வந்தது.
தூக்கம்தானா என்று
கொஞ்ச நேரம் யோசித்தேன்.