பதினோரு நாற்காலி

மூன்றாம் தேதி: எவெர் தள்ளினான்.
ஐந்தாம் தேதி: எவெர் தள்ளினான், டைராவின் உதட்டில் ரத்தம்.
ஒன்பது: கடித்தான். இடது கை, பல் பதிந்தது.
அந்த மாதம் அவனுக்கே
ஒரு பக்கம் போதாமல் போனது.

நாலு வயது. எல் ஆல்டோவின் குளிர்
கீறிச் சிவந்த கன்னம்.
"ஏன்டா தள்ளினே?" என்றால்
ஏன் மூச்சு விட்டாய் என்று கேட்டதுபோல்
என்னைப் பார்ப்பான்.

அப்பன் ரத்தம் என்றாள் சமையல்கார எலுட்டேரியா.
அந்த அப்பனை அவள் பார்த்ததேயில்லை.
நானும் தலையாட்டினேன்.
உலை கொதிக்கிற நேரம், தலையாட்டுவது சுலபம்.

பிறகொரு வியாழன். ஆலங்கட்டி மழை.
சேஹா முச்சந்தியில் நூறு பேர், ஒரு மினிபஸ்.
கதவில் தொங்கியபடி ஒருத்தி
நிறுத்தங்களின் பெயர்களைக் கல்லாய் வீசுகிறாள்:
பெரெஸ்! பிராடோ! சான் பெத்ரோ!
தொண்டை கட்டி, கட்டியதே குரலாகி
எவெரின் அம்மா.
முழங்கையால் ஒரு கிழவரை விலக்கி
நான் ஏறினேன்.
அதை எந்த நோட்டிலும் எழுதவில்லை.

அவள் காலடியில், சில்லறை டப்பாவுக்குப் பக்கத்தில், அவன்.
நாலு மணியிலிருந்து இரவு பத்து வரை
இங்கேதான் இருக்கிறான் என்று அன்றுதான் தெரிந்தது.
இடுப்புகளும் மூட்டைகளுமாய் ஓர் உலகம்;
தள்ளியவர் வீடு போகிறார்,
கேட்டு நின்றவர் நனைகிறார்.

என்னைக் கண்டதும் முகம் விரிந்தது.
மறுகணம் பக்கத்து ஆளின் தொடையில்
ரெண்டு கையாலும் ஓங்கி ஒரு தள்ளு.
"நகரு! என் டீச்சர் உட்காரணும்."

உட்கார்ந்தேன்.
அந்த ஆள் விட்டுப்போன சூடு
வெகுநேரம் ஆறவில்லை.

மறுநாள் விளக்கைப் போட்டதும் எண்ணினேன்.
பிள்ளைகள் பதினான்கு.
நாற்காலி பதினொன்று.
நாலு வருஷமாகப் பதினொன்று.
சிவப்பு லாரி ஒன்றே ஒன்று, அதுவும் எட்டாத அலமாரியில்.
சத்தம் போடாதே என்று நான் போடும் சத்தம்
தகரக் கூரையில் பட்டு இருமடங்காய் இறங்கும் அறை.

நோட்டைப் பிரித்தேன்.
தேதிக்கு ஒரு கட்டம். பெயருக்கு ஒரு கட்டம்.
செய்ததற்கு ஒரு கட்டம்.
நாற்காலிக்குக் கட்டமில்லை.
கோட்டுக்கு வெளியே பென்சிலால் 'மூன்று' என்று எழுதிவிட்டு
எதிர்த் தையற்கடையில் இரவல் கேட்கப் போனேன்.

திரும்பி வருவதற்குள் எவெர் வந்துவிட்டான்.
முதல் ஆள்.
தள்ள யாருமில்லாத இடத்தைப் பார்த்து
என்ன செய்வதென்று தெரியாமல்
ரெண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு
வாசலிலேயே நின்றிருந்தான்.